பங்குனி வரை நீண்ட ஆடி

மகனே,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். போன தடவையும் அதைத்தான் செய்தாய். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. துபாயில் உன்னோடு ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாலும் சரி, எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தில் வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

உன் பெண்டாட்டி லின் சீனாவில் நடந்த படகுப் போட்டியில் தோற்றுப்போன சேதி உனக்கு அன்றைக்கே வந்து சேர்ந்திருக்கும். நான் உன் மாமனிடம் சொன்னேன், அவன் வாய்க்குப் பூட்டு ஏது. நேற்று மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் வடிகிற நேரமாகப் பார்த்து, ஊத்துக்கோட்டையிலிருந்து வெள்ளை வேட்டியும் துண்டுமாக மெஸ்ஸுக்கு வந்து இறங்கினான். வந்தவன் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்தான் என்றாலே பஞ்சாயத்து பேச வந்திருக்கிறான் என்று அர்த்தம். "அக்கா, மாப்ள போன் பண்ணான். மன்னிச்சிட்டானாம். ஆனா ஒண்ணு, அவ வந்தவொடனே திருவாலங்காட்டுக்கு இட்டுக்கினு போயி, சொந்தக்காரங்க எதிர்ல உன் கால்ல வியுந்து, நான் பண்ணது தப்புன்னு சொல்லணும். இனிமே துடுப்பத் தொட மாட்டேன்னு சூடம் ஏத்தி சத்தியம் பண்ணணும். அத்தோட எல்லாம் சரியாப் பூடும்" என்றான். நான் இலையை எடுத்துக்கொண்டே கேட்டேன்: "என் கால்ல இன்னாத்துக்குடா வியணும்? அவள அனுப்பி வச்சதே நான்தான்." அவன் தண்ணீர் கூடக் குடிக்காமல் புதுவாயல் கூட்ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறினான்.

நீ மன்னித்துவிட்டாயாம். யாரை, எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. களவாடினவளை மன்னிக்கலாம், கைநீட்டி அடித்தவளை மன்னிக்கலாம். ஓடுகிற தண்ணீரில் படகை ஓட்டினவளை மன்னிக்க நீ யார்? அந்த சூடம் இந்த வீட்டில் ஏறாது. சத்தியம் பண்ணினால்தான் உன்னோடு வாழ்க்கை, இல்லாவிட்டால் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் நினை.

நீ அவளைக் கட்டினாயே தவிர, அவள் கதையை முழுசாகக் கேட்டாயா என்று எனக்குச் சந்தேகம். நான் கேட்டிருக்கிறேன். வெங்காயம் உரிக்கும்போது, மாவு வழித்துப் போடும்போது, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் நாள் அவள் மெஸ்ஸுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் அன்றைக்கு அந்த பெஞ்சில்தான் இருந்தாய். உங்கள் கம்பெனியில் புது மெஷின் பூட்டுவதற்குச் சீனாவிலிருந்து வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர், அவர்கள் பேசுவதை நமக்குச் சொல்ல ஒரு பெண். பரோட்டாவைத் தள்ளி வைத்தார்கள், சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண் எழுந்து நேராக அடுப்பங்கரைக்குள் வந்து, எனக்கென்று வைத்திருந்த கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்து, பக்கத்தில் சுட்டு வைத்திருந்த கருவாட்டையும் பார்த்து, சிரித்தாள் பார், பத்து வருஷமாகப் பிரிந்திருந்த சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி. அன்றிலிருந்து அத்தனை பேருக்கும் காலையில் கஞ்சியும் கருவாடும். அவர்கள் ஊரிலும் அதுதானாம் நாஷ்டா.

நானும் முதலில் சைனாக்காரி என்றுதான் சொன்னேன். உன் மாமன் அவள் தோளைப் பார்த்துவிட்டு, "பொண்ணா இது, லோடுமேன் கணக்கா கீறா" என்றான். எனக்குத் தோள் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நாற்று நட்டவள் நான், கட்டு தூக்கினவள் நான், எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எனக்கு வித்தியாசமாகத் தெரிந்தது அவள் இடுப்பு. கல்யாணத்துக்கு முன்னாலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருக்க முடியாமல் எனக்குப் பரிமாற வருவாள். ஷிப்ட் விட்ட கூட்டத்தில் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருக்காது, எல்லார் முழங்கையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவள் சாம்பார் வாளியோடு புகுந்து, இடுப்பை ஒரு திருப்பு, தோளை ஒரு சாய்ப்பு, யார் மேலும் படாமல் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருவாள். ஒரு சொட்டு சிந்தாது. "எங்கடி கத்துக்கின இத?" என்று கேட்டேன். அப்போதுதான் முதல் தடவையாக அந்த விளையாட்டைச் சொன்னாள்.

மலையில் பாறைக்கு நடுவே விழுந்து ஓடுகிற ஆறாம். அதன் குறுக்கே கம்பி கட்டி, ஜோடி ஜோடியாகக் கழிகளைத் தொங்கவிட்டிருப்பார்களாம். பச்சைக் கழி என்றால் தண்ணீரோடு வந்து நடுவில் புகுந்து போகவேண்டும். சிவப்புக் கழி என்றால் கீழே தாண்டிப் போய், படகைத் திருப்பி, வருகிற தண்ணீரை எதிர்த்து மேலே ஏறவேண்டும். தலைமுடி பட்டாலும் தோள் பட்டாலும் நேரத்தில் அபராதம். ஒரு ஜோடியை விட்டுவிட்டால் அன்றைக்கு ஆட்டம் போச்சு. யார் சீக்கிரம் கீழே வந்து சேருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். படகு கவிழ்ந்தால் வெளியே குதிக்கக்கூடாது. தலைகீழாகத் தண்ணீருக்குள் இருந்துகொண்டே துடுப்பை வீசி, இடுப்பை முறுக்கி, படகோடு எழுந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து தோசைக் கரண்டியை வைத்துச் செய்தே காட்டினாள். உட்கார்ந்த இடத்தில் சாய்ந்தாள், தரை தொட்டாள், எழுந்தாள்.

அவளாகப் போய்ச் சேர்ந்த விளையாட்டு என்று நினைத்தாயா? இல்லை. சின்னப் பிள்ளையில் நீச்சல் பள்ளிக்கூடத்தில் விட்டார்களாம். விளையாட்டுக்கென்றே பள்ளிக்கூடம், அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, அம்மா அப்பாவைப் பார்ப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. பதிமூன்று வயதில் ஒரு ஆள் வந்து கையை நீட்டச் சொல்லி அளந்து பார்த்துவிட்டு, நாளையிலிருந்து நீ படகு என்றானாம். படகு என்றால் படகு. குளிர்காலத்தில் விரல் விறைத்துத் துடுப்போடு ஒட்டிக்கொள்ளும், அழுதால் இன்னும் ஒரு சுற்று. சின்னவர்கள் போட்டியில் முதலாவதாக வந்தாள். பெரியவர்களில் இரண்டாம் வரிசையில் வைத்தார்கள். இருபத்து மூன்று வயதில் ஒரு போட்டியில் கவிழ்ந்தபோது பாறையில் தோள் மாட்டி இறங்கிவிட்டது. அறுத்துத் தைத்தார்கள். ஆறின பிறகு போனால், இவள் படகில் வேறொரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாளாம். "நீ மொழி படி, வேலைக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். சரி என்று தமிழ் படித்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்படி வந்த இடம்தான் நம்ம ஊர்.

போ என்றார்கள் போனாள், திரும்பு என்றார்கள் திரும்பினாள், நிறுத்து என்றார்கள் நிறுத்தினாள். இதை அவள் எந்த வருத்தமும் இல்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பண்ணையாட்கள் வீட்டில் பிறந்தவள் நான். காலையில் நட ஒரு குரல், மத்தியானம் கரையேற ஒரு குரல் என்று அடுத்தவர் வாயைப் பார்த்தே வளர்ந்தவள். உன் அப்பா செத்த பிறகு திருவாலங்காட்டுக்கே திரும்பி வந்து கழனி வேலை பார் என்று உன் மாமன் சொன்னதற்கு மாட்டேன் என்று சொன்னது என் ஆயுசில் நானாகச் சொன்ன முதல் வார்த்தை. புதுவாயல் ரோட்டோரத்தில் தள்ளுவண்டி போட்டேன். நாலு பேர் இன்னா சொல்லுவாங்க என்று கேட்டான். அந்த நாலு பேரும் என் வண்டியில் இட்லி சாப்பிட்டவர்கள்தான், காரச் சட்னி கேட்டார்களே ஒழிய வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வண்டிதான் மெஸ் ஆனது, உன்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது.

நீ அவளைக் கட்டுகிறேன் என்று வந்து நின்றபோது சொந்தம் எல்லாம் குதித்தது. நான் குதிக்கவில்லை. தை மாசம் சிறுவாபுரி கோயிலில் மாலை மாற்றினீர்கள். பத்திரிகையில் அவள் பேரை லீலா என்று போட்டுவிடலாம், கேட்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று உன் மாமன் சொன்னான். "அவ பேரு லின். ரெண்டு எழுத்துக்கூட சொல்ல வராதவன் கல்யாணத்துக்கு வராட்டி போறான்" என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு நீ என் பக்கம் நின்றாய். அம்மா அம்மாதான் என்று என் தோளைப் பிடித்தாய். அந்தப் பிள்ளை எங்கே போனான் என்றுதான் இப்போது தேடுகிறேன்.

மாசியில் உன் மாமன் மகளுக்குக் காது குத்து என்று நானும் லின்னும் ஊத்துக்கோட்டைக்குப் போனோம், உனக்கு ஷிப்ட் இருந்தது. போகிற வழியில் கால்வாய்ப் பாலத்து மேல் பஸ் நின்றுவிட்டது. ஆந்திராவில் கிருஷ்ணா தண்ணீர் திறந்துவிட்டு, அது நம்ம எல்லைக்கு வந்து சேர்ந்த நாள். அதிகாரிகள் பூத்தூவிக்கொண்டிருந்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நம் ஜனங்களுக்குத் தண்ணீர் வருவதே திருவிழா. நான் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் ஆளைக் காணோம். இறங்கிப் போய்ப் பார்த்தால், ஷட்டருக்குக் கீழே தண்ணீர் கொதிக்கிற மாதிரி புரண்டு வருகிற இடத்தில், கரையின் விளிம்பில் நிற்கிறாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லி. கை இரண்டும் முன்னால் மூடியிருக்கிறது, எதையோ பிடித்த மாதிரி. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஜனங்கள் எல்லாம் தண்ணீரை விட்டுவிட்டு அவளைப் பார்க்கிறார்கள். "அத்தே, அங்க பாருங்க, அந்தச் சுழி கிட்ட தண்ணி திரும்பி மேல போவுது. அங்க நுழைஞ்சா சும்மாவே தூக்கிக்கினு பூடும்" என்றாள். சொல்லும்போதே கண்ணீர் ஓடுகிறது, துடைக்கக்கூட இல்லை. அதே கண்ணில் என்ன சந்தோஷம் தெரியுமா. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். காது குத்துக்குப் போய்ச் சேருவதற்குள் என் மனசில் ஒன்று முடிவாகிவிட்டது, இவள் இங்கே இட்லித் தட்டு கழுவப் பிறந்தவள் இல்லை என்று.

வைகாசியில் நீ துபாய்க்குப் போனாய். ஆனியில் அவளுடைய பழைய சிநேகிதி போன் செய்தாள். அடுத்த வருஷம் ஒலிம்பிக் அவர்கள் ஊரிலேயே நடக்கப்போகிறது, பழைய ஆட்களும் வந்து போட்டி போடலாம், பங்குனியில் தேர்வு, அதுவரை வந்து பழகிக்கொள் என்று. லின் என்னிடம் வந்து, "அத்தே, நான் போலாமா?" என்று கேட்கவில்லை. "அத்தே, எனுக்குப் போவணும்" என்றாள். இரண்டுக்கும் எத்தனை தூரம் என்று உனக்குத் தெரிகிறதா? இத்தனை வருஷத்தில் அவள் வாயில் முதல் தடவையாக வந்த வார்த்தை அது. யாரும் கையை அளக்கவில்லை, யாரும் அனுப்பவில்லை. தோளில் தையல் தழும்போடு, தன் சம்பாத்தியத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு, தானாகப் போக நினைத்தாள். அதற்கு நீ போனில் என்ன சொன்னாய்? "பொண்டாட்டின்னா ஊட்ல இருக்கணும். போனா அப்படியே போவட்டும், திரும்பி வர வாணாம்." என்னிடம் தனியாக, "அவ பாஸ்போர்ட்ட பீரோல வச்சிப் பூட்டும்மா" என்றாய். உனக்குச் சொல்லாமல் நான் எதையும் செய்யவில்லை. பூட்ட மாட்டேன் என்று உன்னிடமே சொன்னேன், நீ போனை வைத்தாய்.

ஆடி ஒன்றாம் தேதி அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். நாள் பார்த்துத்தான் அனுப்பினேன். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம்தானே? மறுநாள் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்டார்கள். "இன்னாக்கா, மருமவளக் காணோம்?" "ஆடிக்குத் தாயூட்டுக்குப் போயிருக்கா." ஒருத்தி சிரித்தாள்: "புருசன்தான் துபாய்ல கீறானே, ஆடியில எதப் பிரிக்கறது?" "வழக்கம்னா வழக்கம்தான், ஆள் எங்க இருந்தா இன்னா" என்றேன். ஆவணி வந்தது, கேட்டார்கள், ஆடிக்குப் போயிருக்கிறாள் என்றேன். புரட்டாசி, ஐப்பசி. மழை பிடித்து ரோடெல்லாம் குளமாகி மெஸ்ஸுக்குள் தண்ணீர் வந்தபோதும் அதே பதில்தான். கார்த்திகையில் உன் மாமன் தாங்க முடியாமல் வந்துவிட்டான். "அக்கா, உனுக்குப் புத்தி கீதா இல்லியா? தீபமே ஏத்தியாச்சி, இன்னும் ஆடின்னு சொல்லிக்கினு கீற. ஊரே சிரிக்குது, எனுக்குப் பேஜாரா கீது." "சீனா பெரிய தேசம்டா. அவங்க ஆடியும் பெருசு" என்றேன். அதன் பிறகு புதுவாயலில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. லீவு போட்டுப் போனவன் சொன்ன நாளில் வேலைக்குத் திரும்பாவிட்டால், சைனா ஆடிக்குப் போயிருக்கான் என்கிறார்கள். என் காதுபடத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும், என் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லட்டும்.

ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் செய்தாள். உனக்கும் செய்தாள், நீ எடுக்கவில்லை. தை மாசம், உங்கள் கல்யாண நாளன்றும் எடுக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் பேசும்போது அவள் குரல் உள்ளே போயிருந்தது. "அத்தே, அவருக்கு என்னப் புடிக்காமப் பூடுச்சா?" என்றாள். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியைச் சுவரில் அடித்தேன். ஆனாலும் அவளிடம், "அவனுக்குப் புடிக்கும். புடிக்கறத சொல்லத் தெரியாத கம்மனாட்டி அவன். நீ தண்ணியப் பாரு" என்று உனக்காகப் பேசினேன். அது உண்மைதானே? நீ துபாய்க்குப் போகும்போது அவள் செருப்பைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனவன். அதை நான் மறக்கவில்லை.

போட்டி நடந்த விதத்தை அவள் சொன்னபடியே சொல்கிறேன். முதல் ஓட்டத்தில் நன்றாக வந்துவிட்டாள். இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் கோச் கூப்பிட்டு, கீழே இருக்கிற சிவப்புக் கழியில் சுற்றிக்கொண்டு பத்திரமாக ஏறு, நீ மூன்றாவதாக வருவாய், உன்னை அணியோடு வைத்துக்கொள்வோம், மற்றவர்களுக்குப் பழகத் துணையாக இரு என்றாராம். ஒலிம்பிக்குக்குப் போவது ஒருத்திதான். இவள் தலையை ஆட்டிவிட்டுப் படகில் ஏறினாள். அந்தக் கழிக்கு வந்தபோது, சுற்றவில்லை. தண்ணீர் அறைகிற பக்கமாக, பாறையை ஒட்டி, நேராகப் புகுந்தாள். சரியாக விழுந்திருந்தால் முதலாவது. படகின் மூக்கை அலை தள்ளிவிட்டது, தோள் கழியில் பட்டது, திரும்பி ஏறுவதற்குள் நேரம் போய்விட்டது. நான்காவது. நான் கேட்டேன், "ஏண்டி, பத்திரமா போயிருந்தா மூணாவது வந்திருப்ப இல்ல?" "வந்திருப்பேன் அத்தே. மூணாவதா வர்றதுக்கு இன்னாத்துக்கு ஒன்பது மாசம் உங்களுக்கு இவ்ளோ பேச்சு வாங்கித் தரணும்?" என்றாள். அழவில்லை. மகனே, அவள் நான்காவதாக வந்ததில் எனக்கு இருக்கிற கர்வம், நீ முதல் சம்பளம் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்குக் கூட எனக்கு இல்லை. இதை உன்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கிறது, சொல்கிறேன்.

நீ பத்தாவதில் கணக்கில் பெயிலான நாளை நினைத்துப் பார். ரிசல்ட் வந்த அன்று நீ வீட்டுக்கு வராமல் ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருந்தாய். நான்தான் வந்து கூட்டிக்கொண்டு வந்தேன். உன் மாமன் அதற்குள் வந்து வாசலில் நின்று, "நான் அப்பவே சொன்னேன், இவனுக்குப் படிப்பு ஏறாதுன்னு, எதுனா ஒர்க் ஷாப்ல வுடுன்னு" என்று ஆரம்பித்தான். "ஆமாடா, தோத்துட்டான். அதுக்கு இப்ப இன்னா?" என்று கேட்டேன். அன்றைக்கு வியாபாரத்தை நிறுத்திவிட்டு உனக்கு ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். படி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நீயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய், அக்டோபரில் எழுதிப் பாஸ் பண்ணினாய். அன்றைக்கு உன்னைத் திருவாலங்காட்டுக்குக் கூட்டிப்போய், இனிமேல் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? தோற்றவர்களுக்கு நம் வீட்டில் குழம்புதான் வைப்போம். சூடம் ஏற்றமாட்டோம்.

உனக்கு வயது இருபத்தெட்டு. புத்தி சொல்கிற வயதைத் தாண்டிவிட்டாய், ஆனாலும் பெற்றவள் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஆம்பளைக்கு மரியாதை போய்விட்டது என்று நினைக்கிறாய். ரூமில் இருக்கிறவர்கள் உன் பெண்டாட்டி எங்கே என்று கேட்கும்போது உனக்குக் கூசுகிறது. தெரியும். எனக்கும் தண்ணீர் லாரியிடம் நிற்கும்போது கூசியிருக்கவேண்டும், கூசவில்லை, ஏன் என்றால் நான் அவளைப் பார்த்திருக்கிறேன், அந்த ஷட்டர் கிட்டே. நீ பார்க்கவில்லை. நீ பார்த்ததெல்லாம் உனக்குச் சோறு போடுகிற லின், உன் சட்டையைத் தேய்க்கிற லின். அவளுடைய பாதியைத்தான் நீ கட்டியிருக்கிறாய். மீதிப் பாதி வேண்டாம், அதை அறுத்துப் போட்டுவிட்டு வா என்கிறாய். அறுத்துப் போட்டால் வருவது லின் இல்லை. அது யாரோ. அந்த யாரோவோடு நீ குடித்தனம் பண்ணலாம், நான் அவளோடு ஒரே அடுப்பங்கரையில் நிற்கமாட்டேன்.

சித்திரை பிறந்ததும் அவள் வருகிறாள். ஒரு மாசம் இருப்பாள். அப்புறம் திரும்பிப் போவாள். அவளுடைய மாகாணத்து அணியில் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுகிறாயா என்று கேட்டார்களாம், ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. நீ இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவாய், அவள் போட்டிக்குப் போட்டி நடுவில் வருவாள், எப்படிச் சேர்ந்து வாழப்போகிறீர்கள் என்பது உங்கள் இரண்டு பேர் பாடு. கப்பலில் போகிறவன் குடும்பம் நடத்தவில்லையா, பட்டாளத்தில் இருக்கிறவன் நடத்தவில்லையா. வழி இருக்கிறது, தேடுகிறவர்களுக்கு.

தனியாக வரவில்லை, பழைய படகு ஒன்றை விலைக்கு வாங்கிக் கொண்டுவருகிறாள். விமானத்தில் எப்படி ஏற்றுவார்களோ, அது அவள் சாமர்த்தியம். கால்வாயில் தண்ணீர் இருந்தால் ஊத்துக்கோட்டைப் பக்கம் இறக்கிப் பார்க்க வேண்டுமாம். யாராவது தடுத்தால் பேசிக்கொள்ள நான் இருக்கிறேன். படகின் நீளம் கேட்டேன். என் உயரத்துக்கு இரண்டு ஆள். நம் வீட்டில் உள் ரூமில் உன் கட்டில் கிடக்கிற சுவரை விட்டால் அதற்கு வேறு இடம் கிடையாது. நேற்று உன் மாமன் பஸ் ஏறினதும், மெஸ்ஸில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கட்டிலைக் கழற்றி வெளியே எடுத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ரூமைக் கழுவி விட்டாயிற்று. லீவு கேட்டு வருவதாக இருந்தால் வா. ஏர்போர்ட்டுக்கு என்னோடு வந்து, ஒரு முனையை அவள் தூக்கினால் மறு முனையை நீ தூக்கு. ராத்திரி பாய் விரித்து அதற்குப் பக்கத்தில் படுத்துக்கொள், அவளும் அங்கேதான் படுப்பாள். படகை மட்டும் நகர்த்தச் சொல்லாதே.

உன் அம்மா